லிஃப்ட் நின்ற நாலு நிமிடம்

அந்த ஆறு மாடி ஆஸ்பத்திரியில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. லிஃப்ட்டக்கா என்றால் வாட்ச்மேன் முதல் பெரிய டாக்டர் வரை எல்லோருக்கும் தெரியும். பழைய லிஃப்ட் அது. பட்டனைத் தட்டினால் தானாக ஓடுகிற ரகம் இல்லை. இரும்புக் கதவை இழுத்து மூடி, கைப்பிடியைத் திருப்பி, ஒவ்வொரு மாடியிலும் சரியாக நிறுத்த ஓர் ஆள் வேண்டும். பதினோரு வருடமாக அந்த ஆள் அவள்தான். ஒரு முக்காலி, ஒரு தண்ணீர் பாட்டில், மூக்குக்கு மேல் ஒரு கோபம். செல்போனில் பேசியபடி வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிறவன் அவள் வாயில் விழுந்தால் தொலைந்தான்.

கல்யாணமாகி ஒன்பது வருடம் கழித்து, முப்பத்தாறாவது வயதில் அவள் உண்டானாள். அதற்குள் ஆளாளுக்குச் சொல்லவேண்டியதையெல்லாம் சொல்லி முடித்திருந்தார்கள். சுவருக்குப் பெயின்ட் அடிக்கிற அவள் புருஷன் அன்றைக்கு வேலைக்குப் போகாமல் வீட்டையே இரண்டு தடவை கூட்டினான். அவனுடைய அக்கா, அதாவது இவளுடைய நாத்தனார், கூடமாட ஒத்தாசைக்கு என்று பெட்டியோடு வந்து இறங்கினாள்.

நாலாவது மாதத்தில் வலி ஆரம்பித்தது. சாப்பிட்டு ஒரு மணி நேரத்தில் வலது விலாவுக்குக் கீழே முஷ்டியால் அழுத்துகிற மாதிரி பிடிக்கும். அங்கிருந்து முதுகுக்குப் போகும், முதுகிலிருந்து வலது தோளுக்கு ஏறும். நிற்கவும் முடியாது, உட்காரவும் முடியாது. கொஞ்ச நேரத்தில் வாந்தி. உயிர் போய் உயிர் வரும்.

வாயு என்றார்கள். எதிர்வீட்டுக்காரி சொன்னாள், மருந்துக்கடைக்காரன் சொன்னான், அவள் புருஷனும் கூடவே தலையாட்டினான். வயிற்றில் பிள்ளை இருக்கிற பெண் எங்கே வலிக்கிறது என்று சொன்னாலும் சரி, அது வாயுதான். அவள் காலில் லாரி ஏறியிருந்தால்கூட வாயு என்றுதான் சொல்லியிருப்பார்கள். நாத்தனாரோ, உடம்பில் தெம்பு இல்லாததால்தான் வலிக்கிறது என்று முடிவு கட்டி, இரண்டு உயிருக்குச் சாப்பிட வேண்டும் என்று வெண்ணெயும் முட்டையும் பொரித்த மீனுமாகத் தட்டை நிரப்பினாள். நல்ல மனசுதான். அந்த நல்ல மனசு ஒவ்வொரு வேளையும் இவளைத் தரையில் உருட்டியது.

ஒரு நாள் மதியம் அடுப்படித் தரையில் சுருண்டு கிடந்தவளை அவள் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரிக்கே தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஸ்கேன் எடுத்துப் பார்த்தபோது பித்தப்பையில் கல். ஒன்றல்ல, ஏழெட்டு. பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு இது வருவது உண்டாம், கொழுப்புச் சாப்பிட்டால் பை சுருங்கி, கல் வாயை அடைத்து வலிக்குமாம். இதைக் கேட்ட நாத்தனார் நேரே வீட்டுக்குப் போய் எண்ணெய் டப்பாவைத் தூக்கி எதிர்வீட்டுக்காரியிடம் கொடுத்துவிட்டு வந்தாள். அன்றிலிருந்து அந்த வீட்டில் மூன்று பேருக்கும் வேகவைத்த காய்தான். பெயின்டர் ஏணியில் நின்றுகொண்டு பசியில் முனகினான், ஆனால் முறையிடவில்லை.

வாயைக் கட்டியும் வலி நிற்கவில்லை. வாரத்துக்கு ஒன்று என்று வந்தது. இரண்டு தடவை பெட்டில் படுக்கவைத்து டிரிப் ஏற்றினார்கள். இரண்டாம் மாடியில் பிரசவப் பிரிவின் டாக்டரம்மா, திரும்பத் திரும்ப வந்தால் பையில் சீழ் பிடிக்கலாம், கணையம் வீங்கலாம், அப்படி ஆனால் தாய்க்கும் ஆபத்து, பிள்ளைக்கும் ஆபத்து என்று சொன்னார். ஆறாவது மாதம் முடிவதற்குள் என்றால் ஆபரேஷன் செய்து பையை எடுத்துவிடுவது சுலபம், அதற்குமேல் கர்ப்பப்பை பெரிதாகி இடம் அடைத்துக்கொள்ளும் என்றும் அவரேதான் சொன்னார். சொல்லிவிட்டு, ஆனால் அதை முடிவு செய்யவேண்டியது அஞ்சாம் மாடி சர்ஜன், அவரைப் பார் என்று ஒரு சீட்டு எழுதினார்.

அஞ்சாம் மாடி சர்ஜன் சீட்டைப் படித்தார். கத்தி வைக்க நான் தயார், வயிற்றில் பிள்ளை இருக்கிறதே, அதற்கு உத்தரவாதம் இரண்டாம் மாடிதான் தரவேண்டும் என்று இன்னொரு சீட்டு எழுதினார். இரண்டாம் மாடி அதைப் பார்த்துவிட்டு, சர்ஜன் திட்டவட்டமாகச் சொல்லட்டும் என்றது. அஞ்சாம் மாடி, அவங்க முதலில் சொல்லட்டும் என்றது. இப்படியே ஏழு வாரம் பந்தாடினார்கள். எட்டு சீட்டு. ஒவ்வொரு சீட்டையும் தன் லிஃப்டிலேயே, தன் கையாலேயே கைப்பிடியைத் திருப்பி, ஏற்றி இறக்கினாள் அவள். அந்த இரண்டு பேருக்கும் நடுவில் மூன்று மாடி. ஒருத்தர் படியில் இறங்கி வந்து ஒரு வார்த்தை பேசியிருந்தால் தேய்ந்தா போயிருப்பார்கள்?

வீட்டில் புருஷன் வேறு. பிள்ளை பிறக்கட்டும், அதுவரை பல்லைக் கடித்துக்கொள், கத்தி கித்தி எல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம் என்றான். பாவம், பயம் அவனுக்கு. அவளுக்கும்தான் பயம். மயக்க மருந்து கொடுத்துத் தூங்கவைத்தால் உள்ளே இருக்கிறதும் தூங்கிப்போய் எழுந்திருக்காமல் விட்டுவிட்டால் என்று ராத்திரியெல்லாம் விழித்துக் கிடந்தாள். ஆனால் யாருக்கு வலிக்கிறதோ அவளே பல்லையும் கடித்துக்கொள்ள வேண்டும் என்றால் எப்படி? கடிக்கிறதுக்கு உன் பல்லைக் குடு என்றாள்.

இருபத்துநாலாவது வாரம், திங்கட்கிழமை மதியம். காலையில்தான் ஒரு வலி வந்து போயிருந்தது. அஞ்சாம் மாடியில் சர்ஜன் ஏறினார். கீழே போக வேண்டும் என்று சொல்லிவிட்டு செல்போனைப் பார்த்துக்கொண்டு நின்றார். இரண்டாம் மாடியில் கதவைத் திறந்தால் டாக்டரம்மா. இருவரும் ஒருத்தருக்கொருத்தர் தலையை அசைத்துக்கொண்டார்கள். வேறு யாரும் ஏறவில்லை.

அவளுக்குப் பொத்துக்கொண்டு வந்தது. கதவை மூடினாள். இரண்டுக்கும் ஒன்றுக்கும் நடுவில் கைப்பிடியைத் திருப்பி நிறுத்தினாள். அவசரத்துக்குப் பின்பக்கம் வேறொரு லிஃப்ட் உண்டு. அதை யோசிக்காமல் அவள் கை வைக்கவில்லை.

"என்னம்மா, கரண்ட் போயிடுச்சா?" என்றார் சர்ஜன்.

"கரண்ட் இருக்கு சார். நான்தான் நிறுத்தியிருக்கேன்."

முக்காலிக்கு அடியிலிருந்த தன் ஃபைலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"அவங்க உங்களைக் கேக்கச் சொல்றாங்க, நீங்க அவங்களைக் கேக்கச் சொல்றீங்க. இப்ப ரெண்டு பேரும் ஒரே பெட்டிக்குள்ள இருக்கீங்க. செய்யணுமா வேண்டாமான்னு பேசி ஒரு முடிவு சொல்லுங்க. வேண்டாம்னாலும் சரி, ரெண்டு பேரும் சேர்ந்து சொல்லுங்க. கீழே இறக்கி விட்டுடறேன்."

சர்ஜனுக்கு முகம் சிவந்துவிட்டது. யாரிடம் பேசுகிறோம் என்று தெரிகிறதா, ஒரு போன் போட்டால் வேலை போய்விடும் என்றார்.

"போகட்டும் சார். வேலை போனா வேற வேலை தேடிக்குவேன்" என்றவள், வயிற்றில் கையை வைத்தாள். "இது போச்சுன்னா எங்க போய்த் தேடுறது?"

டாக்டரம்மாதான் கையை நீட்டி ஃபைலை வாங்கினார். எட்டுச் சீட்டையும் வரிசையாகப் புரட்டினார். புரட்டப் புரட்ட அவர் முகம் மாறிற்று. நீங்கள் மாட்டேன் என்று சொல்வதாக அல்லவா நான் நினைத்தேன் என்று சர்ஜனிடம் கேட்டார். சர்ஜன், நீங்கள்தான் தயங்குகிறீர்கள் என்று இருந்தேன் என்றார். பிறகு வாரக் கணக்கு, ரத்தப் பரிசோதனை, எந்தப் பக்கம் சாய்த்துப் படுக்கவைப்பது, மயக்க டாக்டர் யார், பிள்ளையின் துடிப்பை முன்னும் பின்னும் யார் பார்ப்பது என்று படபடவென்று பேசினார்கள். வியாழக்கிழமை காலை முதல் கேஸ் என்றார் சர்ஜன். நானும் தியேட்டருக்கு வந்து நிற்கிறேன் என்றார் டாக்டரம்மா.

அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். நாலு நிமிடம். முழுசாக நாலு நிமிடம்கூட ஆகவில்லை. மறுத்திருந்தால்கூட அவளுக்கு இத்தனை ஆத்திரம் வந்திருக்காது. இவ்வளவுதானா? இதற்கா ஏழு வாரம் தரையில் உருண்டாள்? கைப்பிடியைத் திருப்பும்போது கண்ணீர் கொட்டியது. பயத்தில் அழுகிறாள் என்று நினைத்து டாக்டரம்மா தோளைத் தட்டிக்கொடுத்தார். அவள் திருத்தவில்லை.

வியாழக்கிழமை ஆபரேஷன் நடந்தது. கண் விழித்ததும் வாய் குழறக் குழறப் பிள்ளையைத்தான் கேட்டாள். டாக்டரம்மா வயிற்றில் கருவியை வைத்தார். குதிரை ஓடுகிற மாதிரி சத்தம் கேட்டது. அவள் புருஷன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு ஓவென்று அழுதான். நாத்தனார் அவன் முதுகில் ஓர் அறை வைத்துவிட்டுத் தானும் அழுதாள்.

மூன்றாம் நாள் காலை நிர்வாக அதிகாரி பெட்டுக்கே வந்துவிட்டார். மனுஷன் கெட்டவர் இல்லை, சிக்கல் என்றால் மட்டும் ஆகாது. லிஃப்ட் ஏன் நின்றது என்று வாட்ச்மேன் நோட்டில் எழுதிவிட்டானாம், அதனால் விளக்கம் வாங்கியாக வேண்டுமாம். மெஷின் கோளாறு என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும், இரண்டு டாக்டர்களும் ஒன்றும் சொல்லமாட்டார்கள், விஷயம் அதோடு முடிந்துவிடும் என்றார். தாளும் பேனாவும் அவரே கொடுத்தார். புருஷன் எழுதிடு, எழுதிடு என்று கண்ணாலேயே கெஞ்சினான். இந்த வேலை போனால் ஆறு மாடியிலும் வேறு வேலை யாரும் தரப்போவதில்லை என்று அவனுக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும்.

அவள் சாய்ந்து உட்கார்ந்து தாளை முட்டியில் வைத்துக்கொண்டாள். தையல் இழுத்தது. மெஷினில் கோளாறு எதுவும் இல்லை, நான்தான் நிறுத்தினேன் என்று முதல் வரி எழுதினாள். அதற்குக் கீழே முதல் சீட்டின் தேதி, எந்த மாடியிலிருந்து எந்த மாடிக்கு, அன்றைக்கு வலி எத்தனை மணி நேரம் இருந்தது என்று எழுதினாள். பிறகு இரண்டாவது சீட்டு. மூன்றாவது. அதிகாரி எட்டிப் பார்த்து, இதெல்லாம் எதற்கம்மா என்று மெதுவாகக் கேட்டார். அவள் நிமிரவில்லை. ஐந்தாவது சீட்டோடு தாள் முடிந்துவிட்டது.

"இன்னொரு தாள் குடுங்க சார்" என்றாள். "இன்னும் இருக்கு."