புளி போட்டுத் தேய்த்த காலணா

பத்தாவது மட்டுமே படித்த நான் எழுதத் துணிந்ததற்கு மன்னிக்கவும்.

எங்கள் வீட்டில் ஒரே வருடத்துச் செம்புக் காலணா இரண்டு இருந்தன. செல்போனில் நாணய விலைப்பட்டியலைப் பார்த்தால் ஒவ்வொன்றும் எட்டாயிரம் ரூபாய்! ஒன்றைப் புளி போட்டுப் பளபளவென்று தேய்த்தேன். மற்றதையும் தேய்க்கும்படி மனைவியிடம் சொல்லிவிட்டு, குமணன்சாவடி நாணயக் கடைக்கு ஓடினேன்.

“இன்னா நைனா, இது குத்துவிளக்கா? பட்டியல்ல கீறது ஏலத்துல போன, தேய்க்காத காசோட வெல. இதுக்கு நூறு ரூபா தரேன்” என்றார் கடைக்காரர்.

பதறிப்போய் வீட்டுக்குப் போன் செய்து, “அந்தக் காசத் தொடாத!” என்று கத்தினேன்.

“ஏன்யா கூவுற? இன்னும் புளியே ஊறல” என்றாள் மனைவி. போன உயிர் திரும்பியது!

இப்போதெல்லாம் பழைய காசு கிடைத்தால் தேய்ப்பதில்லை. பட்டியலைப் பார்த்தாலும், வாங்குகிறவர் என்ன தருவார் என்று கேட்ட பிறகே நம்புகிறேன்.

அன்று தப்பிய அந்த இரண்டாவது காசு மறுநாளே அதே கடையில் மூவாயிரத்துக்குப் போனது.