கம்மியா ஜாஸ்தியா, பாய்?

சைக்கிள் கடை யூசுப் பாய் போய்விட்டார். காலையில் பழைய டீம் குரூப்பில் மெசேஜ்... சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கமாம்.

கள்ளக்குறிச்சியில் பொங்கல் ஃபுட்பால் டோர்னமென்ட் பார்த்தவர்களுக்கு அவரைத் தெரியும். மற்றவர்களுக்கு, பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்த ஒரு ஒல்லி மனிதர். அவ்வளவுதான்.

மேட்ச் பந்துக்குக் காற்று அடிப்பது அவர்தான். கிரவுண்டு நடுவில் நின்று கட்டைவிரலால் பந்தை அமுக்குவார். உடனே மொத்தக் கூட்டமும் கத்தும், "இன்னா பாய், கம்மியா ஜாஸ்தியா?"

அவர் அவசரப்பட மாட்டார். இன்னொரு அமுக்கு, காதருகே வைத்து ஒரு தட்டு... "கரெக்ட்டுப்பா!"

அதற்குப் பிறகுதான் விசில். எலவனாசூர்கோட்டையிலிருந்து டிராக்டரில் மேளத்தோடு வருகிறவர்கள்கூட அந்த ஒரு வார்த்தைக்காக மேளத்தை நிறுத்துவார்கள்.

ஒரு வருடம் ஃபைனல். எதிரே திருக்கோவிலூர் டீம், நம் கோல் போஸ்ட்டில் நான். முடியப்போகிற நேரத்தில் ஒரு சொத்தை ஷாட்... தரையில் ஒருமுறை பட்டு, கைக்கு வந்து, வழுக்கி உள்ளே போனது.

தோற்றோம். எல்லாரும் என்னையே பார்த்தார்கள். நான் பாயைக் கை காட்டினேன்.

"பாய் காத்த ஜாஸ்தியா வச்சிட்டாரு... பந்து கைலயே நிக்கல!"

கூட்டத்துக்கு அது போதாதா? "ஜாஸ்தி! ஜாஸ்தி!" என்று கைதட்டிக் கத்த ஆரம்பித்துவிட்டது.

பாய் பந்தை எடுத்து அமுக்கிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "அப்டியாப்பா... சரிப்பா" என்று பந்தைக் கீழே வைத்துவிட்டுப் போனார்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அது நான்தான். பந்து வரும்போது, கூட்டத்தில் யார் யார் என்னைப் பார்க்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த வருடம் கமிட்டி மீட்டர் வைத்த பம்ப் வாங்கியது. பாய் வரவில்லை. பழக்கதோஷத்தில் கூட்டம் "கம்மியா ஜாஸ்தியா?" என்று கத்தியது... பதில் சொல்ல ஆள் இல்லை. நாலு பேர் சிரித்தார்கள், மேட்ச் ஆரம்பித்தது.

அதன் பிறகும் என் வண்டிக்கு அவர் கடையில்தான் காற்று. ஒருமுறை, "பாய், அந்த ஃபைனல்ல..." என்று இழுத்தேன்.

"வண்டிய ஸ்டாண்ட் போடுப்பா, பின்னாடி கம்மியா இருக்கு" என்றார். குரலில் கோபமே இல்லை.

மற்றவர்களுடைய டயரை அவரே அமுக்கிப் பார்த்து "கரெக்ட்டுப்பா" என்பார். என் முறை வந்தால் மட்டும், பம்ப்பை எடுத்துக்கொண்டே, "நீயே அமுக்கிப் பாத்துக்கப்பா."

இத்தனை வருடமும் நானே அமுக்கிப் பார்த்துக்கொண்டேன். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை.

அன்று "ஜாஸ்தி" என்று கத்தியவர்கள் பலர் இதைப் படிக்கும் என் ஃபிரெண்ட் லிஸ்ட்டில் இருக்கிறீர்கள். கிரவுண்டில் எல்லார் முன்னாலும் சொன்ன பொய்... அதனால் இதையும் எல்லார் முன்னாலும்.

அன்னிக்குக் காத்து கரெக்ட்டு, பாய்.

போய்ட்டு வாங்க.