எழுத்துப் பிழையோடு இருந்த பெயர்

திருச்செங்கோட்டில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறேன். போர்வெல் லாரியில் வடக்கே போன கணவர் பழனிசாமியிடமிருந்து போனே வரவில்லை என்று சித்ரா வந்தார். ஆதரவில்லாமல் ஆஸ்பத்திரிகளில் கிடப்பவர்களின் விவரம் உள்ள இணையதளத்தில், அந்தப் பெயரை ஆங்கிலத்தில் தட்டித் தேடினேன். எதுவும் வரவில்லை.

"இல்லீங்க. நல்லாத்தான் இருப்பாருங்க" என்று அனுப்பிவிட்டேன்.

அடுத்த மாதம் மறுபடியும் வந்தார். அப்போதுதான், பதிவான பெயர்களையெல்லாம் எழுத்து வரிசையில் காட்டும் பட்டியலைத் திறந்தேன். எழுத்துப் பிழையோடு பழனிசாமியின் பெயர் இருந்தது. ஊர் சரியாக இருந்தது. இறந்துவிட்டார் என்றிருந்தது.

சொன்னேன். சித்ரா அழவில்லை.

"நா மொதல்ல வந்தன்னிக்கு உசுரோட இருந்தாருங்களா?"

தேதியைப் பார்த்தேன். சித்ரா முதலில் வந்த அன்றே அந்தப் பெயர் பதிவாகியிருந்தது. அதற்குப் பிறகும் பதினோரு நாள் பழனிசாமி உயிரோடு இருந்திருக்கிறார்.

"இல்லீங்க" என்றேன்.

அவர் மனம் தாங்காது என்று சொன்ன பொய் இல்லை அது. என்னைக் காப்பாற்றிக்கொள்ளச் சொன்னேன்.