நடிகையைப் பற்றி நான் சொன்னது

எங்கள் குடும்பத்தில் யாரும் தன்னைப் பற்றிப் பேசிப் பழகவில்லை. நடிகர் நடிகைகளைப் பற்றிப் பேசுவோம். அப்பா குடித்துவிட்டு வந்த நாட்களில் அம்மா டிவியில் தெரிகிற ஏதாவது ஒரு கதாநாயகனைப் பிடித்துக்கொள்வாள். "மூஞ்சியப் பாரு, இவனுக்கெல்லாம் எதுக்குப் பொண்டாட்டி" என்று ஆரம்பிப்பாள். யாருக்குச் சொல்கிறாள் என்பது அப்பாவுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். அப்பா பதிலுக்கு ஒரு நடிகையைத் திட்டுவார். சண்டை அதோடு சரி. இத்தனையும் பார்த்து வளர்ந்த நான்தான் போன மே மாதம் ஒரு தப்பைச் செய்தேன்.

தங்கை சிதம்பரத்தில் குடும்பம் நடத்துகிறாள். என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவள். அம்மா வேலைக்குப் போனதால் அவளைத் தூக்கி வைத்திருக்க ஆளில்லை. அதனால் எட்டாவதோடு நான் பள்ளிக்கூடத்தை விட்டேன். அவள் பி.காம். முடித்தாள். படித்தவள், சமாளித்துக்கொள்வாள் என்று அவள் விஷயத்தில் மட்டும் நான் கவலைப்படாமல் இருந்தேன். மற்றபடி கவலைப்படுவதுதான் என் முழுநேர வேலை. கடலூரில் வீட்டோடு மாவு அரைத்து விற்பதெல்லாம் அதற்கு அப்புறம். என் வீட்டுக்காரர் ஸ்கூல் வேன் ஓட்டுகிறார். ஐந்து நிமிஷம் தாமதமாக வந்தால் எந்த வளைவில் வேன் கவிழ்ந்திருக்கும் என்று மனசு தேட ஆரம்பித்துவிடும்.

லீவுக்குத் தங்கை ஏழு வயது மகளோடு வந்தாள். பத்து நாள் தங்குவதாகச் சொன்னாள். இளைத்திருந்தாள். வெயில் ஜாஸ்தி, அதனால் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

பாப்பாவுக்கு ஒரே ஒரு பொம்மைப் படம் போதும். அதையே காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை பார்ப்பாள். ஒரு அணில் குடும்பத்தின் கதை. ஆரம்பத்திலேயே அம்மா அணிலை வெள்ளம் அடித்துக்கொண்டு போகும். இந்தப் பொம்மைப் படம் எடுப்பவர்களுக்கு அம்மாக்கள் மேல் என்ன கோபமோ, முதல் பத்து நிமிஷத்துக்குள் அவளைத் தொலைத்துவிடுகிறார்கள். குழந்தை பயந்துவிடுமே என்று நான் பக்கத்தில் உட்கார்ந்து அந்த இடத்தை ஓட்டிவிடுவேன். "ஓட்டாதீங்க பெரியம்மா, அவுங்க கடைசில வந்துருவாங்க" என்பாள் பாப்பா. எனக்குத்தான் அதுவரை பொறுக்காது.

அவளிடம் ஒரு புதுப் பழக்கமும் இருந்தது. என் வீட்டுக்காரர் தங்கையைப் பார்த்து, "நாளைக்கு மீன் வாங்கட்டுமாம்மா?" என்று கேட்டார். தங்கை வாயைத் திறப்பதற்குள் பாப்பா அவள் பக்கம் திரும்பி, "அம்மா, பெரியப்பா மீன் வாங்கட்டுமான்னு கேக்கறாரு" என்றாள். நாங்கள் சிரித்தோம். இவர், "பாரு, நமக்கு ஒரு போஸ்ட்மேன் வந்துட்டாரு" என்று கிண்டல் செய்தார். தங்கை சிரிக்கவில்லை. அன்றைக்கே அதைக் கவனித்தேன். கவனித்து என்ன செய்தேன்?

நாலாம் நாள் மத்தியானம் கையில் எண்ணெய் தடவிக்கொண்டு பலாப்பழம் பிரித்துக்கொண்டிருந்தோம். ஒரு நடிகை புருஷனை விட்டுப் பிரிந்துவிட்டாள் என்று டிவியில் சொன்னார்கள். இவர் முதலில் அந்தப் புருஷனைக் குறை சொன்னார், அவன் நடித்த படமே சரியில்லையாம். தங்கை சுளையிலிருந்து கொட்டையை எடுத்துக்கொண்டே, "அவளுக்கு என்ன கஷ்டமோ மாமா" என்றாள்.

நான் சொன்னேன்: "என்னடி கஷ்டம்? அடிச்சானா, குடிச்சானா? வீடு இருக்குது, கார் இருக்குது. கொஞ்சம் அனுசரிச்சிப் போனா கொறஞ்சா போயிருவா?"

எனக்கு அந்த நடிகை மேல் ஒரு கோபமும் கிடையாது. வாய்க்கு வந்ததைச் சொன்னேன். தங்கை, "ஆமாக்கா" என்றாள். கையில் இருந்த சுளையைத் தட்டில் வைத்துவிட்டுப் போய்க் கை கழுவினாள். மறுநாள் காலையில், வீட்டில் வேலை கிடக்கிறது என்று கிளம்பிவிட்டாள். மீதிப் பலாச்சுளையைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை. மீன் குழம்பில் காரம் தூக்கலாகிவிட்டதா, பாப்பாவுக்கு இங்கே போரடித்ததா என்றெல்லாம் ஒரு வாரம் யோசித்தேன். பலாப்பழம் பிரித்த நேரம் மட்டும் என் நினைவுக்கு வரவில்லை.

பள்ளிக்கூடம் திறந்து வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை போன் செய்தேன். பாப்பா எடுத்து, புதுப் பையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். பின்னால் அவள் அப்பா குரல் கேட்டது. "பாப்பா, சட்டை தேச்சாச்சான்னு கேளு." பாப்பா பேச்சை நிறுத்திவிட்டு, "அம்மா, சட்டை தேச்சாச்சான்னு கேக்கறாரு" என்றாள். தங்கையின் குரல் அதே அறையிலிருந்து, மிகப் பக்கத்தில் வந்தது. "கட்டில் மேல இருக்குன்னு சொல்லு." பாப்பா அதையும் சொல்லிவிட்டு, பையில் எத்தனை ஜிப் இருக்கிறது என்று என்னிடம் மறுபடி ஆரம்பித்தாள்.

கிரைண்டர் ஓடிக்கொண்டே இருந்தது. உளுந்து ஓடி ஓடிச் சூடாகிவிட்டது. அன்றைக்கு மாவு கேட்டு வந்தவர்களை வெறுங்கையோடு அனுப்பினேன்.

மறுநாள் காலை பஸ் ஏறினேன். மேல வீதிக்குப் பின்னால், ஒரு மாடி வீட்டில் அவர்கள் குடியிருக்கிறார்கள். அவள் புருஷன் வேலைக்கும் பாப்பா பள்ளிக்கூடத்துக்கும் போயிருந்தார்கள். தங்கை காபி கொடுத்தாள். எப்படி ஆரம்பிப்பது என்று பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் யோசித்திருந்தும், எனக்குத் தெரிந்த ஒரே வழியில்தான் போனேன்.

"அந்த நடிகை செஞ்சது சரிதான்னு இப்பத் தோணுதுடி."

"அவளப் பத்தி எனக்கு என்னக்கா தெரியும்? அவள விடு. என்னப் பத்திப் பேசு."

நாற்பத்துநாலு வயதில், தங்கையிடம் நேராக ஒரு வார்த்தை பேச எனக்குத் தெரியவில்லை. அவளே சொன்னாள். எட்டு மாசமாக அவன் அவளோடு பேசுவதில்லை. அடிக்கவில்லை, குடிக்கவில்லை. எதற்கு ஆரம்பித்தது என்று அவளுக்கே மறந்துவிட்டது. வேண்டியதையெல்லாம் பாப்பா மூலம் கேட்டு வாங்கிக்கொள்கிறான். பாப்பா தூங்கிவிட்டால் வீட்டில் சத்தமே கிடையாது.

"சொல்லலாம்னுதாங்க்கா லீவுக்கு வந்தேன்" என்றாள். குறையாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்கவில்லை.

"வந்துர்றியா?" என்றேன்.

"மாமா என்ன சொல்லுவாரு?"

அவரிடம் நான் கேட்டிருக்கவில்லை. இரண்டு அறை வீடு. அக்கம்பக்கத்தில் கேட்பார்கள், பள்ளிக்கூடம் மாற்ற வேண்டும், நாளைக்கு அவன் வந்து வாசலில் நின்றால் என்ன செய்வது என்று ஒவ்வொன்றாக வரிசை கட்டி வந்தன. அதற்குள் அவள் எதிரிலேயே போனைப் போட்டுவிட்டேன். விஷயத்தை நாலு வரியில் சொன்னேன். அந்தப் பக்கம் வேன் என்ஜின் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

"எத்தன நாளைக்கு?"

"தெரியல."

"மாவு ரூம்ல இருக்கற கிரைண்டர வராண்டாவுக்கு நகத்தணும். ஒருத்தனால முடியாது. நீ மொதல்ல வந்து சேரு."

அவர் பேசுவது போனுக்கு வெளியேயும் கேட்கும். தங்கை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, காபி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அடுத்த சனிக்கிழமை அழைத்துவரப் போனேன். அந்த வீட்டுக்குப் போகத் தைரியம் இல்லை. சிதம்பரம் பஸ் ஸ்டாண்டிலேயே உட்கார்ந்திருந்தேன். வரமாட்டாள் என்று ஒரு நேரம், வந்துவிடுவாளே என்று ஒரு நேரம். இரண்டு பையோடும் பாப்பாவோடும் ஆட்டோவில் வந்து இறங்கினாள். பஸ்ஸில் பாப்பா ஜன்னல் ஓரம் கேட்டு உட்கார்ந்தாள். வண்டி கிளம்பின பிறகுதான் கேட்டேன்.

"அவருகிட்ட யாரு சொன்னது? பாப்பாவா?"

"இல்லக்கா. நானே அவரு எதிர்ல போய் நின்னு சொன்னேன், போறேன்னு."

"என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல. டிவி சவுண்டக் கொஞ்சம் கொறச்சாரு."

அதற்கு என்ன அர்த்தம் என்று யோசித்துக்கொண்டே வந்தேன். புதுச்சத்திரம் தாண்டி அவளிடம் கேட்கத் திரும்பினேன். கம்பியில் தலையைச் சாய்த்து, வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள்.