இனம் என்ற கட்டம்

பல்லேகலயில் நடந்த ஒரு பயிற்சிக் கூட்டத்தில், நாட்டின் தரவுகளை நாடே எப்படிக் காப்பது என்று அரச ஊழியர்களான எங்களிடம் யோசனை கேட்டார்கள். சொந்தச் சேமிப்பகம் வேண்டும், சட்டம் வேண்டும், வேலை முடிந்ததும் அழிக்கும் விதி வேண்டும் என்றார்கள் மற்றவர்கள். எல்லாம் சரிதான். என் முறை வந்தபோது, "தேவையில்லாததைக் கேட்காமல் இருக்க வேண்டும்" என்றேன். கைதட்டினார்கள். அது எனக்கு எப்படித் தெரியும் என்று யாரும் கேட்கவில்லை.

கண்டிக்கு அருகே அக்குறணையில் வெள்ளம் வந்த வருடம், நிவாரணத்துக்காகக் கடைகளின் பட்டியலை நான்தான் தயாரித்தேன். அலுவலக மின்னஞ்சலில் ஒரு படம் அனுப்பவே அரை நாள் ஆகும். அதனால் வெளிநாட்டுக் கம்பெனியொன்றின் இலவச இணைய அட்டவணையைப் பயன்படுத்தினோம். கணக்கை, பிறகு வெளிநாடு போய்விட்ட சக ஊழியர் ஒருவரின் தொலைபேசி எண்ணில் திறந்திருந்தோம். அப்போது பள்ளியில் உயர்தரம் படித்துக்கொண்டிருந்த என் மகள் அட்டவணையைப் போட்டுத் தந்தாள்.

"அம்மா, லிங்க் இருக்கிற யாரும் பாக்கலாம். பரவாயில்லையா?"

"ஆளாளுக்கு கோல் எடுத்து உசிர வாங்குறாங்க. தொறந்தே விடு."

பெயர், விலாசம், தொலைபேசி, சேதம். நடுவில் 'இனம்' என்று ஒரு கட்டம். மேலிடம் அதைக் கேட்கவில்லை. எங்கள் நாட்டில் எந்தப் படிவத்திலும் அது இருக்கும். என் கை தானாகவே போட்டுவிட்டது. எனக்குப் பதினாலு வயதில், தமிழர்களுக்கு எதிரான கலவரத்தில், புசல்லாவையில் எங்கள் கடையை எரிக்க வந்தவன், தாளொன்றில் அப்பாவின் பெயரை விரலால் தேடியதைக் கண்ணால் பார்த்தவள் நான்.

மறு வருடம் கலவரம் வந்தது; இம்முறை முஸ்லிம்களின் கடைகளைத் தேடித் தாக்கினார்கள். கண்டியில் ஊரடங்கு. சமூக வலைத்தளங்களை அரசு முடக்கியது. மகள் ஒரு நிமிடத்தில் அந்தத் தடையைத் தாண்டிக் காட்டினாள். "எல்லாருக்கும் தெரியும்மா இது" என்றாள். அப்போதுதான் பட்டியல் நினைவுக்கு வந்தது. கடைக்காரர்களின் குழுக்களில்கூட அந்த லிங்க்கை நாங்களே போட்டிருந்தோம்.

அழிக்கப் பார்த்தேன். வீட்டுக் கணினி புதியது என்று கம்பெனி உள்ளே விடவில்லை. இயங்காத அந்தப் பழைய எண்ணுக்கே இரகசிய இலக்கத்தை அனுப்பியது. முறைப்பாடு எழுதினேன். உங்கள் கருத்துக்கு நன்றி என்று ஓர் இயந்திரம் பதில் போட்டது. எங்கள் ஊர்க் கடைகளின் பட்டியலை எடுக்க, எங்கள் அரசின் அதிகாரியான எனக்கு வழியில்லை. அலுவலகக் கணினியில் மட்டும் கணக்குத் திறந்திருந்தது. வீதியிலோ இராணுவம்.

அன்று பின்னேரம், வெள்ளத்தின்போது முதல் ஆளாக விபரம் தந்த முஸ்லிம் ஹாட்வெயார் கடைக்காரர் அழைத்தார். அண்ணன் என்ற பொருளில் அவரை 'நானா' என்றுதான் கூப்பிடுவேன்.

"மிஸ், அந்த லிஸ்ட்ல எங்கட பேரெல்லாம் ஈக்கிதே. எடுத்துட்டீங்களா?"

"எடுத்தாச்சு நானா. பயப்படாதீங்க."

"அல்லா ஒங்களுக்கு நல்லது செய்யட்டும். வாப்பாவ வேற ஊட்டுக்குக் கூட்டிப் போகலாமாண்டு யோசிச்சன். இனி இங்கேயே ஈக்கிறோம்."

போங்கள், கூட்டிப்போங்கள் என்று சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் பொய் வெளியே வந்துவிடும். மகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்றிரவு அவர் கடையை உடைத்தார்கள். மேல்மாடியிலிருந்த அவருடைய தந்தைக்குக் கல்லடி பட்டு நெற்றியில் தையல் போட்டார்கள். பட்டியலைப் பார்த்து வந்தார்களா, கடையின் பெயர்ப்பலகையைப் பார்த்து வந்தார்களா, எனக்குத் தெரியாது.

ஊரடங்கு தளர்ந்ததும் அலுவலகத்துக்கு ஓடினேன். அட்டவணையைத் திறந்தபோது, அதே நேரம் பெயர் தெரியாத இருவர் அதைப் பார்த்துக்கொண்டிருப்பதாக மேல் மூலையில் காட்டியது. அழித்தேன். பிறகு அவருக்கு அழைத்து, தந்தையின் காயம் எப்படி என்று மட்டும் கேட்டேன்.

"சொகமாகிட்டார் மிஸ். நீங்க லிஸ்ட எடுத்ததால இதோட போச்சு" என்றார்.

நான் மறுக்கவில்லை.