கூரை வேலைக்காரரின் போர்வை

“...அதுக்காகக் கண்டவன் நிண்டவனுக்கெல்லாம் சொல்லிப்போடாதையும், உந்தப் போர்வையை நான்தான் தைக்கிறனெண்டு,” என்றார் அண்ணை.

தொண்ணூறுகளில், கனடாவில், ரொறன்ரோவின் சென் ஜேம்ஸ் ரவுண் தொடர்மாடியில், எங்களுக்கு மேல்மாடியில் இருந்தவர். வீடுகளுக்குக் கூரை போடுகிற வேலை. பனிக்காலத்தில் அது இல்லை. ஆணியடித்துக் காய்த்துப்போன கைகள். வெளியே மார்ச் மாதப் பனி கொட்டிக்கொண்டிருக்க, அந்தக் கைகள் பழைய சட்டைத் துண்டுகளைப் பொருத்திப் போர்வை தைத்துக்கொண்டிருந்தன. ஜன்னலோரம் கறிவேப்பிலை, கற்றாழை என்று பத்துச் சாடிகள். ஒரு வரிசை தைத்து முடிந்ததும் எழும்பிப் போய், இலைகளை ஈரத்துணியால் துடைத்துவிட்டு வருவார்.

“அண்ணி தைக்கிறா எண்டுதானே எல்லாரும் சொல்லுகினம்?”

“அவவுக்கு ஊசியில நூல் கோக்கவே தெரியாது. காட்ஸ் விளையாடுறவங்கள் அறிஞ்சால் நக்கலடிச்சே கொல்லுவாங்கள்.”

“பின்னை ஏன் தைக்கிறியள்?”

“சந்தோசமாக் கிடக்குது. அதுதான்.”

யாரோ கதவைத் தட்டினார்கள். “ஓய், காட்ஸுக்கு வாறீரோ, இல்லாட்டி மனிசிக்கு நூல் கோத்துக் குடுக்கிறீரோ?” வெளியே ஒரே சிரிப்பு.

கட்டிலுக்குக் கீழே ஒளித்துவைக்கலாம் என்று நான் போர்வைக்குக் கை நீட்டினேன். அவர் தரவில்லை. அதைத் தோளில் போட்டுக்கொண்டு, நூலில் ஊசி தொங்கத் தொங்க, போய்க் கதவைத் திறந்தார்.