ஹாரன் அடிக்காமல் கிடைத்த வழி

வெள்ளிக்கிழமை மதியம் உலைக்கு அரிசி களைந்துகொண்டிருந்தேன். சித்தூர் பஸ் கண்டக்டர் ஒருவர் வாசலில் நின்று, "முனுசாமிகாரு இல்லு இதேனா அம்மா?" என்று கேட்டார். இந்த வீடுதான் என்றேன். அவருக்கு நன்றாகத் தமிழ் வந்தது. "எங்க பஸ்ஸுக்கு முன்னால போய்க்கினு இருந்தாரும்மா. புத்தலப்பட்டு தாண்டினதும் கைய வெளிய நீட்டி எங்களப் போகச் சொன்னாரு. தாண்டிப் போய்த் திரும்பிப் பாத்தா, வண்டி ஓரமா நின்னுகினு கீது. பின்னாடி இருந்த கெழவி கத்துது" என்றார்.

"வண்டி எங்கே?" என்று கேட்டேன். மனுஷன் எங்கே என்று கேட்காமல் வண்டியை ஏன் கேட்டேன், தெரியவில்லை. என் வீட்டுக்காரர் டாக்சியை ஓரங்கட்டி ஹேண்ட் பிரேக் போட்டிருந்தாராம். சவாரி வந்த கிழவனுக்கும் கிழவிக்கும் ஒரு கீறல் இல்லை. மாரைப் பிடித்துக்கொண்டு அப்படியே சாய்ந்திருக்கிறார்.

படத்திறப்புக்கு வருகிற நீங்கள் எல்லாரும் அவரோடு வண்டி ஓட்டியவர்கள். அவரைப் பற்றி ஏதாவது எழுதித் தரச் சொன்னீர்கள். எனக்குக் கோவையாக எழுத வராது. ஞாபகம் வந்ததை எழுதுகிறேன்.

ஏரி ஓட்டத்தை நான் முதலில் பைத்தியக்காரத்தனம் என்றுதான் நினைத்தேன். வாரம் முழுக்கத் திருப்பதி ஸ்டேஷனிலிருந்து யாத்திரைக்காரர்களை ஏற்றிக்கொண்டு அலைகிறவர்கள், புத்தலப்பட்டுக்குப் பக்கத்து ஏரி வற்றிக் காய்ந்ததும், ஞாயிற்றுக்கிழமை அங்கேயும் போய் வண்டிதான் ஓட்டுவார்கள். சுண்ணாம்பு பூசிய பானைகளைக் கவிழ்த்து வைத்து, அதைச் சுற்றிச் சுற்றி ஐந்தாறு பிளசர் கார்கள் ஓடும். நான் கரைமேல் சோற்றுக்கூடையோடு உட்கார்ந்திருப்பேன். ஒருநாள் கேட்டேன்: "எங்கியும் போவாத வண்டிக்கு இன்னாத்துக்கு இந்த வேகம்?" அவர் சிரித்தார். "சவாரி இருந்தா போற எடத்தப் பாக்கணும். இங்க வண்டிய மட்டும் பாத்தா போதும்" என்றார்.

முன்னால் போகிறவனைத் தாண்டுவதற்கு அவர் வைத்த சட்டம் உங்களுக்குத் தெரியும். பின்னால் வருகிறவன் இரண்டு தடவை ஹாரன் அடிக்க வேண்டும். முன்னால் போகிறவன் வலது கையை வெளியே நீட்டிப் போகச் சொல்ல வேண்டும். நேர்ப்பாதையில்தான் தாண்டலாம், வளைவில் கூடாது. ஹாரன் கேட்டும் கை காட்டாமல் போக்குக் காட்டுகிறவன் அன்றைக்கு எல்லார் வண்டிக்கும் தண்ணீர் ஊற்ற வேண்டும். "வழியக் கேக்கறதுக்கும் வெக்கப்படக்கூடாது, குடுக்கறதுக்கும் வெக்கப்படக்கூடாது" என்பார்.

நரசிம்முலு தம்பிக்கும் அவருக்கும்தான் போட்டி. கூடப் பிறக்காத அந்தத் தெலுங்குத் தம்பி அவரை மச்சான் முறையில் பாவா என்றும் என்னை அக்கா என்றும் கூப்பிடும். இந்த வருஷம் எல்லை முடிவானதும் இரண்டு பேருக்கும் வாய் அதிகமாகிவிட்டது. என் தாய்வீடு திருத்தணிப் பக்கம். அது மெட்ராஸோடு போயிற்று, நான் ஆந்திராவில் நின்றுவிட்டேன். அண்ணன் போடுகிற காகிதம் வேறு ராஜ்யத்திலிருந்து வருகிறது என்கிறார்கள். அதுவே எனக்கு இன்னும் சரியாகப் புரியவில்லை. இவர்களுக்கு அதுவும் விளையாட்டு.

"ஏம் பாவா, இது எங்க ஸ்டேட். உங்க மாமியார் ஊட்டுக்குப் போய் ஓட்டு!" என்று தம்பி கத்தும்.

"மாமியார் ஊட்டுக்குப் போறவனுக்கு மொதல்ல வழிய உட்றா மச்சான்!" என்று இவர் பதிலுக்குக் கத்துவார்.

பங்குனியில் அவருக்கு மார்வலி வந்தது. சித்தூர் டாக்டர், உடம்பை வருத்திக்கொள்ளக் கூடாது என்று சொல்லி அனுப்பினார். வெளியே வந்ததும் என்னிடம், "வாயத் தொறக்காத. தெரிஞ்சா ஒவ்வொருத்தனும் ஒதுங்கி நின்னு வழி உடுவான்" என்றார். நான் தலையாட்டினேன்.

ஆனால் ஏரியில் அவர் அடங்கவில்லை. அந்தக் கோடையில் ஒரு தடவைகூட அவரால் நரசிம்முலுவைத் தாண்ட முடியவில்லை. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் துரத்தித் துரத்தி, இறங்கும்போது சட்டை பிழிகிற மாதிரி நனைந்திருக்கும், உதடு வெளுத்திருக்கும். முன்னால் போய்விட்டால் துரத்த வேண்டியதில்லையே, மெதுவாக ஓட்டுவாரே என்று எனக்குத் தோன்றியது. அவருக்குத் தெரியாமல் நரசிம்முலு தம்பியைப் பார்க்க ஸ்டேஷனுக்குப் போனேன்.

"தம்பி, இந்த ஒரு தபா அவர முன்னால உட்டுடு."

"பாவா அனுப்பினாரா?"

"அவருக்குத் தெரியாது. நீயும் சொல்லாத."

தம்பி "சரிக்கா" என்றது. உடம்பைப் பற்றி நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதனால் சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நடந்ததை நீங்களே பார்த்தீர்கள், சிரித்தீர்கள். நரசிம்முலு முன்னால் போனது. இவர் ஹாரனே அடிக்கவில்லை. நேர்ப்பாதை வந்ததும் தம்பி தானாகக் கையை நீட்டிற்று. இவர் தாண்டவில்லை. தம்பி வேகத்தைக் குறைத்து மறுபடியும் கையை ஆட்ட, இவரும் வேகத்தைக் குறைத்தார். கடைசியில் இரண்டு வண்டியும் கட்டை வண்டி மாதிரி ஊர்ந்தன. மேய வந்த ஆடுகள் அவர்களைத் தாண்டிப் போயின. "மாலை எட்துகினு வரட்டா? ரெண்டும் ஊர்கோலம் போவுது!" என்று கரையில் யாரோ கத்தினார்கள்.

அவர் வண்டியை நிறுத்தி இறங்கி, முன் வண்டிக்கு நடந்து போனார்.

"நான் ஹாரன் அட்ச்சனா?"

"இல்ல பாவா."

"அப்பறம் எதுக்குடா கை?"

தம்பி கரைப் பக்கம் திரும்பி என்னைப் பார்த்தது. இவரும் பார்த்தார். அவ்வளவுதான்.

வீட்டுக்கு வரும் வழியில் அவர் பேசவில்லை. பாகாலாவில் ரயில் கேட் போட்டிருந்தது. கேட்டைப் பார்த்தபடியே, "எதனா துன்றியா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். கோபமாக இருக்கிறவர் அப்படிக் கேட்பாரா? கோபம் இல்லாதவர் வழியெல்லாம் பேசாமல் வருவாரா? மறுநாளிலிருந்து எப்போதும் போல இருந்தார். குழம்பில் உப்பு போதவில்லை என்றார், செருப்பு எங்கே என்றார். அந்தப் பேச்சை மட்டும் எடுக்கவில்லை. நல்ல நேரம் பார்த்து நானே எடுத்து, தப்புதான் என்று சொல்லிவிடலாம் என்று இருந்தேன். ஐந்தாம் நாள் கண்டக்டர் வந்துவிட்டார்.

பதினாறாம் நாள் காரியத்தில்தான் தம்பியிடம் டாக்டர் சொன்னதைச் சொன்னேன். வாயைப் பொத்திக்கொண்டு அழுதது. "சொல்லியிருந்தா ஏரிக்கே வரவிட்டிருக்க மாட்டனேக்கா" என்றது. அதைத்தான் அவர் பயந்தார் என்றேன். பிறகு கேட்டேன்: "என்னப் பத்தி எதனா சொன்னாரா?"

"வெள்ளிக்கிழமை காலைல ஸ்டாண்டுல கேட்டாரு. 'உங்க அக்கா எனக்காக வந்து உங்கிட்ட கேட்டாளாடா'ன்னாரு. ஆமான்னேன்."

"சிரிச்சாரா?"

"தெரியலக்கா. பானெட்டுக்குள்ள தலைய உட்டுகினு இருந்தாரு. மூஞ்சி தெரியல."

"அப்பறம்?"

"'ஞாயித்துக்கெழமை ஓட்டத்துல அவளையும் வண்டில ஏத்திகினு வரேன். என் பக்கத்துல ஒக்காந்து பாக்கட்டும்'னாரு."

பக்கத்தில் உட்கார்ந்து எதைப் பார்க்கச் சொன்னார்? நான் செய்த தப்பையா, அவருடைய சந்தோஷத்தையா? கோபத்தில் சொன்னாரா, ஆசையில் சொன்னாரா? அந்தப் பேச்சைத் திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்க்கிறேன். ஒரு நாள் ஒரு மாதிரி கேட்கிறது, மறுநாள் வேறு மாதிரி கேட்கிறது. அவர் முகத்தை வைத்துத்தான் எதையும் நான் புரிந்துகொண்டிருக்கிறேன். இப்போது வெறும் பேச்சுதான் இருக்கிறது.

மழை வருவதற்குள் அவர் பேரில் ஏரியில் ஒரு ஓட்டம் வைக்கப்போவதாகச் சொன்னீர்கள். அவர் வண்டியும் வரும். தம்பி தன் வண்டியை விட்டுவிட்டு அதை ஓட்டும். பக்கத்தில் நான் உட்காருவேன். தாலி அறுத்தவள் காரில் உட்கார்ந்து ஏரியைச் சுற்றுகிறாளா என்று சொந்தக்காரர்கள் கேட்பார்கள். கேட்கட்டும். என்னை வரச் சொன்னவர் அவர். எனக்கென்று அவர் விட்டுப்போனதில் நான் வைத்துக்கொள்வது அந்த இடத்தைத்தான்.

உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். நாங்கள் ஹாரன் அடிக்கும்வரை யாரும் கை காட்ட வேண்டாம்.